மேலாடை கேட்டுப் போராடிய மண்

திருவிதாங்கூர் அரசின் காலத்தில், திருவட்டாறு அடங்கிய பழைய கல்குளம் வட்டாரத்தில், மார்பை மறைத்த குற்றத்துக்காக நாடார் பெண்களின் சீலை சந்தையில் வைத்துக் கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மகாராஜா மேலாடைக்கு அனுமதி தந்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

பெண் எதை உடுத்த வேண்டும் என்பதை அடுத்தவர் தீர்மானிக்கும் கொடுமையை அனுபவித்த மண் இது. அழகிப் போட்டியையும் அந்த நினைவோடுதான் பார்க்கிறோம். 1951-இல் லண்டனில் எரிக் மோர்லி தொடங்கிய உலக அழகிப் போட்டி, நீச்சலுடையைக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. 1970-இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெண்களே மாவுப் பொட்டலங்களை வீசி அதை எதிர்த்தார்கள். 1996-இல் பெங்களூரில் போட்டி நடந்தபோது எதிர்ப்புக்கு அஞ்சி நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்குப் போனது. அந்தப் போட்டியை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து மாண்டார். அந்தச் சாவு இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

பண்பாட்டின் பெயரால் தடை கேட்டவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. மேடையேற விரும்பும் பெண்ணைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் நிறத்தையும் உயரத்தையும் அளந்து மதிப்பெண் போடுவதும் அதே அதிகாரம்தான். நம் கல்லூரிகளின் ஓண விழாக்களில் ‘மங்கை’ என்ற பெயரில் அழகித் தேர்வு நடக்கும்போது, அத்தப்பூக்கோலத்துக்குக் குனிந்து இதழ் கிள்ளிப்போட்ட கறுத்த பெண் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். கல்லூரி நிர்வாகங்கள் இந்த ஓணத்திலிருந்தே அந்தத் தேர்வைக் கைவிட வேண்டும்.