தலைவியரா, சட்டாம்பிள்ளைகளா?

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து சில வாரங்கள் கழிந்ததும் நம் பெண்கள் மேனிலைப் பள்ளிகளில் மாணவத் தலைவியரின் பதவியேற்பு விழா நடைபெறுகின்றது. தாளாளரும் பங்குத்தந்தையும் மேடையில் அமர்கின்றனர். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு அணிகளின் கொடிகள் முன்னே வருகின்றன. வெண்ணிறச் சீருடையில் ஒரு பெண், எரியும் மெழுகுதிரியின் முன் வலக்கையை நீட்டி உறுதிமொழி ஏற்கிறாள். அவள் தோளில் பட்டையும் நெஞ்சில் பேட்ஜும் அணிவிக்கப்படுகின்றன. மறுநாள் காலை அவள் ஆற்றும் முதற்பணி யாது? வாயிற்கதவருகே குறிப்பேட்டுடன் நின்று, தாமதமாக வந்தவர் யார், இரட்டைச் சடையை மடித்துக் கட்டாதவர் யார், ரிப்பனின் நிறம் மாறியவர் யார் என்று எழுதிக் கொடுப்பதே.

அவளுக்குக் கீழே வகுப்புதோறும் ஒரு ‘லீடர்’. ஆசிரியை இல்லாத வேளையில் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ்ப் பெயர்களை வரிசையாக எழுதுவது அவளுடைய கடமை. பெயருக்கு அருகே ஒரு பெருக்கற்குறி இட்டால், எழுதிய பின்னரும் அவள் பேசினாள் என்று பொருள். நெருங்கிய தோழியின் பெயரை எழுதாமல் விட்டால் லீடர் ஒருதலைப்பட்சமானவள். எழுதிவிட்டாலோ மதிய உணவை யாருடன் அமர்ந்து உண்பது என்ற கவலை. பதின்மூன்று வயதுச் சிறுமியின் தலையில் இச்சுமையை ஏற்றிவிட்டு, அதற்குத் தலைமைப் பயிற்சி என்று பெயர் சூட்டுகின்றன நம் பள்ளிகள். பிறரைப் பேசவிடாமல் அடக்குவதற்கு அவளுக்கு அதிகாரம் உண்டு. பிறருக்காகப் பேசுவதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை. நாம் இங்கே எழுப்பும் வழக்கு இதுதான்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பது நலம். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் ஒருவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். கணக்காயருக்குப் பதிலாக அவர்களை மேய்க்கவும் செய்தான். சட்டாம்பிள்ளை என்பது அவன் பெயர். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, சிறுவரைக் கொண்டே சிறுவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். மணலில் விரலால் எழுதிப் பழகும் வழக்கத்தை அவர் நம் நாட்டுப் பள்ளியில் கண்டே எடுத்துக்கொண்டார். 1797-இல் இலண்டனில் அவர் நூலாக வெளியிட்ட அம்முறைக்கு ‘சென்னை முறை’ என்றே பெயர் வழங்கிற்று. பின்னர், 1828-இல் ரக்பி பள்ளியின் தலைமையை ஏற்ற தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவரிடம் இளையோரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஒப்படைத்தார். ஆங்கில ஆட்சியோடு அந்த ‘பிரிபெக்ட்’ முறை இங்கே கப்பலேறி வந்தது. சட்டாம்பிள்ளை பாடமாவது சொல்லிக் கொடுத்தான். ரக்பியிலிருந்து வந்த முறையில் எஞ்சியது கண்காணிப்பு மட்டுமே. ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்ற சொல்லை இன்று எந்தத் தொனியில் வழங்குகிறோம் என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

நாம் நன்கு அறிந்த ஒரு பள்ளி உண்டு. அதன் பெயரும் ஊரும் வேண்டாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகள் இருந்த கட்டடத்தின் கழிவறை இடைவேளைகளில் மட்டுமே திறக்கப்படும். மற்ற நேரங்களில் அதன் பூட்டுக்குரிய சாவி அலுவலகத்தில் தொங்கும். பத்து நிமிட இடைவேளையில் சில நூறு பெண்கள். ஆகவே பல பெண்கள் காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு மாலை வரை இருந்தனர். மாதவிடாய் நாள்களில் விடுப்பு எடுத்தனர். ‘வயிற்றுவலி’ என்று விடுப்புக் கடிதத்தில் எழுதினர். அவ்வாண்டின் மாணவத் தலைவி பதினோராம் வகுப்புப் பெண். ஒரு தாளில் இதனைப் பணிவான மொழியில் எழுதி, தோழியர் அறுபது பேரிடம் கையொப்பம் பெற்று, தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்தாள். மறுநாள் அவள் தந்தை வரவழைக்கப்பட்டார். அவர் பேருந்து நடத்துநர். பணிச்சட்டையுடனே வந்து கைகட்டி நின்றார். ‘கையெழுத்து வேட்டை’ நடத்திய குற்றத்திற்காகக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளுடைய பேட்ஜ் கழற்றப்பட்டது. காரணம் ‘ஒழுங்கீனம்’ என்று அறிவிக்கப்பட்டது. சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. அதே வாரத்தில் அப்பள்ளியில் நடந்த பேச்சுப்போட்டியின் தலைப்பு, ‘பாரதி கண்ட புதுமைப்பெண்’.

அப்பெண் செய்த குற்றம் என்ன? தலைவிக்குரிய பணியை அவள் ஒருத்திதான் செய்தாள். அதற்கு முன்பிருந்த தலைவியரும் பின்வந்த தலைவியரும் பெயர்களை எழுதிக் கொடுத்து, ஆண்டுவிழாவில் விருந்தினர்க்குப் பூங்கொத்து நீட்டி, நற்சான்றிதழோடு வெளியேறினர்.

எவ்வகையில் இவர்கள் தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியைகளின் அறையிலேயே பட்டியல் முடிவாகின்றது. மதிப்பெண், ஆங்கில உச்சரிப்பு, உயரம், மேடைக்கு ஏற்ற தோற்றம் ஆகியன அளவுகோல்கள். தோற்றம் என்ற சொல்லுக்குள் நிறமும், நிறத்துக்குள் வேறு பலவும் ஒளிந்திருப்பதை யாவரும் அறிவர். தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். நம் பள்ளிகளின் மாணவத் தலைவியர் பெயர்ப்பலகையில், பொன்னெழுத்தில் பொறித்த அந்நீண்ட பட்டியலில், அவர்தம் புதல்வியர் எத்தனை பேர் என்று எந்த நிர்வாகமாவது எண்ணிப் பார்த்ததுண்டா? வாக்கெடுப்பு நடத்தும் பள்ளிகளும் உள்ளன என்பதை மறுக்கவில்லை. அங்கும் வேட்பாளர் பட்டியல் ஆசிரியைகளுடையது. வாக்கு எண்ணிக்கையும் வெளியில் சொல்லப்படுவதில்லை.

‘தேர்தல் வைத்தால் சாதியும் கட்சியும் பள்ளிக்குள் புகுந்துவிடும்’ என்று சொல்வர். சாதி ஏற்கெனவே பள்ளிக்குள் இருக்கின்றது; விடுதியின் உணவறையில் யார் யாருடன் அமர்கின்றனர் என்று ஒரு நாள் நின்று பார்த்தால் புலப்படும். தேர்தல் வைத்தால் அது வெளிச்சத்துக்கு வரும். வெளிச்சத்துக்கு வந்த நோய்க்கே மருத்துவம் செய்ய இயலும். ‘ஒழுக்கத்துக்காகத்தான் பெற்றோர் நம் பள்ளியை நாடி வருகின்றனர்’ என்பது மற்றொரு வாதம். உண்மை, வேற்றுச் சமயத்தவரும் அதற்காகவே வருகின்றனர். ஆனால் ஒழுக்கம் வேறு, ஓசையின்மை வேறு. கல்லறைத் தோட்டத்தில் கூடத்தான் ஓசை இல்லை. பொதுத்தேர்வின் சுமையைக் காரணம் காட்டுவோர்க்கு விடை கூறிக் காலம் போக்க விரும்பவில்லை. பெயர் எழுதுவதற்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் நேரம், பேசிக் கலந்து முடிவெடுக்க மட்டும் கிடைக்காதா?

இப்பள்ளிகளை நிறுவிய துறவற மகளிரின் வரலாற்றைப் படிப்போர்க்கு இம்முரண் இன்னும் உறைக்கும். 1842-இல் பிரசன்டேஷன் சபைச் சகோதரியர் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். பெண்ணை வீட்டு வாயிலைத் தாண்டவிடாத காலம் அது. அவர்கள் சபையைத் தோற்றுவித்த நானோ நேகிள் அம்மையார், கத்தோலிக்கர் கல்வி புகட்டுவதே சட்டப்படி குற்றமாயிருந்த நாளில் கார்க் நகரில் மறைவாகப் பள்ளி நடத்தியவர். ‘ஒழுங்கீனம்’ என்று அன்றைய அரசு அவரைச் சொல்லியிருக்கும்! அத்தகைய பெண்டிரின் துணிவால் எழுந்ததே தமிழகத்தில் பெண்கல்வியின் ஒரு பெரும்பகுதி. அந்நன்றிக்கடன் நமக்கு உண்டு.

இன்றும் பெண் துறவற சபைகளில் பொதுத் தலைவியைப் பேராளர் பேரவை கூடி வாக்களித்தே தெரிந்தெடுக்கின்றது. பதவிக்குக் கால வரம்பும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குமுறையும், முக்கியமான காரியங்களில் மடத்தலைவர் துறவியர் அனைவரையும் கூட்டிக் கேட்கவேண்டும் என்கிறது. ஆண்டவர் பலவேளை இளையோர்க்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் காட்டும் காரணம். தமக்குள் வாக்குச்சீட்டைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், இளையவரின் குரலுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பே இடம் வகுத்த மரபில் வந்தவர்கள், தம் வளாகத்துப் பெண்களிடம் மட்டும் ஏன் அஞ்சவேண்டும்?

இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் இயங்கிற்று. சிலவற்றில் இன்னும் பெயரளவில் உள்ளது. பெல்ஜியத்துக் கர்தினால் கார்டைன் இளந்தொழிலாளரிடையே தொடங்கிவைத்த முறை அதன் உயிர்: உள்ளதைப் பார்ப்பது, நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்குவது, பின் செயற்படுவது. திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1961-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இம்முறையைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். நம் பள்ளிகளில் ‘பார்ப்பது’ நடக்கிறது. குடிசைப் பகுதிக்கு அழைத்துச் சென்று பார்க்க வைக்கின்றனர். ‘சீர்தூக்குவது’ கட்டுரைப்போட்டியாக நடக்கிறது. சொந்த வளாகத்தைப் பற்றிச் செயற்பட முனைந்தால் பேட்ஜ் கழன்றுவிடுகிறது.

திருவிவிலியத்தின் எண்ணிக்கை நூலில் இருபத்தேழாம் அதிகாரம் நம் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கின்றது. செலொபுகாது என்பவனுக்கு ஆண்மக்கள் இல்லை, பெண்மக்கள் ஐவர். தந்தையின் உரிமைச்சொத்து தங்கட்கு ஏன் மறுக்கப்படவேண்டும் என்று அவ்வைவரும் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலில், மோசேயின் முன்னும் குருவின் முன்னும் மக்களவை அனைத்தின் முன்னும் நின்று கேட்டனர். மோசே அவர்களை அதட்டவில்லை. தந்தையை அழைத்து வா என்று சொல்லவும் வாய்ப்பில்லை, தந்தை இறந்துவிட்டார். வழக்கை ஆண்டவரிடம் கொண்டு சென்றார். பெண்கள் கேட்பது சரியே என்று தீர்ப்பு வந்தது. சட்டமே மாற்றி எழுதப்பட்டது. அவ்வைவரின் பெயர்களையும் நூல் ஒவ்வொன்றாகச் சொல்கின்றது. இதுவும் பெயர் எழுதுவதுதான்.

வெளியே உலகம் எங்குச் சென்றிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 1989-இல் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைந்தது. அதே ஆண்டில் ஐ.நா. அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய காரியங்களில் கருத்துக்கூறும் உரிமையைக் குழந்தைகட்கு அளித்தது. 1992-இல் இந்தியா அதில் இணைந்தது. 73-ஆம் அரசியற்சட்டத் திருத்தத்தின்படி 1996-இல் தமிழகத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. நாற்காலி கிடைத்தது. ஆனால் எத்தனை ஊராட்சிகளில் அம்மா கையொப்பமிட, கணவரோ மகனோ கூட்டத்தை நடத்துகின்றனர்! இதற்கு ஆணாதிக்கத்தைக் குறைகூறுவது எளிது, குறைகூறவும் வேண்டும். அப்பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் என்ன பயிற்சி தரப்பட்டது என்பதையும் கேட்கவேண்டாமா? மேலிருந்து வரும் ஆணையைக் கீழே கொண்டு சேர்ப்பது, கீழிருந்து எழும் குரலை மேலே செல்லவிடாமல் தடுப்பது. அதனைத்தானே அவள் ஊராட்சியிலும் செய்கிறாள்?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-இல் வந்தது. அச்சட்டம் உயிர்பெற ஒரு குழந்தை வாய் திறக்கவேண்டும். அல்லது அவள் தோழி அவளுக்காக வாய் திறக்கவேண்டும். ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பின்கீழ்ப் பெயர் வருவதே அவமானம் என்று கற்ற பெண், யாரிடம் சென்று எந்த மொழியில் பேசுவாள்? சுவரில் 1098 என்ற எண்ணை எழுதிவைத்தால் போதுமா?

2024-இல் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்ற பெயரில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களை அமைத்து, மாணவர் பொறுப்பாளரையும் ஏற்படுத்தினர். அது எத்துணை வேரூன்றும் என்பது நடத்துவோரின் மனத்தைப் பொறுத்தது. நம் பள்ளிகள் அதற்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டி நின்றுவிடலாகாது.

நாம் கேட்பவை பெரியனவல்ல. கரும்பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தை நாளையே நிறுத்தலாம். அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. வேட்பாளர் யாவர் என்பதை மாணவியரே முன்மொழிந்து, மறைவான வாக்குச்சீட்டில் தெரிந்தெடுத்து, எண்ணிக்கையை அவர்கள் முன்னிலையிலேயே அறிவிக்கவேண்டும். விடுதியில் வாரத்து உணவுப் பட்டியலை விடுதிப் பெண்கள் அடங்கிய குழுவிடம் ஒப்படைக்கலாம். விலை உயர்வும் கணக்கும் அவர்கட்கும் தெரியட்டும்; தெரிந்தால் குறைகூறலும் பொறுப்போடு வரும். மாணவியர் பேரவையின் கையில், அவர்களே கூடி முடிவுசெய்து செலவிட ஒரு சிறு தொகை இருக்கவேண்டும். ஆண்டுவிழா மேடை அலங்காரத்துக்குச் செலவாவதில் பத்தில் ஒரு பங்கு போதும். மாதத்தில் ஒரு மணி நேரம் தலைமையாசிரியை அப்பேரவையின் முன் அமரவேண்டும். அவர்கள் எழுதித் தந்த ஒவ்வொன்றுக்கும், இயலும் என்றோ, இயலாது, இன்ன காரணத்தால் என்றோ, அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் விடை தரவேண்டும். கையொப்பமிட்டோரின் தந்தையர்க்கு அழைப்பு அனுப்பலாகாது.