பழைய கணக்கைக் காகிதத்தில் வாங்கிவிடுங்கள்

சங்கத்தின் கணக்கு காரியதரிசிக்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் கணக்கைத் தாமே பார்த்துத் தெளிய வேண்டும். நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகளின் கடன் சங்கமாயினும் இது பொது விதி.

இப்பொழுது நம் சங்கங்களில் பழைய கம்ப்யூட்டர்களை அகற்றிப் புதியவற்றை அமைத்து வருகிறோம். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடே. ஆயினும் பழைய இயந்திரத்தை மூலையில் தள்ளுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதிலுள்ள கணக்கு முழுவதையும் அச்சில் எடுத்துவிட வேண்டும் என்பதே அது.

பழைய கணக்குப் புரோகிராம்களிற் பல ஃபாக்ஸ்புரோ என்னும் மொழியில் எழுதப்பட்டவை. 1989இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட இம்மொழியை 1992இல் மைக்ரோசாஃப்ட் தன்வசமாக்கிக் கொண்டது. இதில் பிரின்டருக்கு எழுத்தை அனுப்புவது மிக எளிது. 'செட் டிவைஸ் டு பிரின்டர்' என்று கட்டளையிட்டு, எத்தனையாவது வரி, எத்தனையாவது இடம் என்று எண்களைக் கொடுத்தால், பெயரும் தொகையும் அவ்விடத்தில் அச்சாகும். 'எஜெக்ட்' என்றால் தாள் வெளியே தள்ளப்படும். 'எல்பிடி1' என்ற இணைப்பு வழியாக எழுத்துக்கள் அப்படியே டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குச் செல்லும். அதன் ஊசிகள் மை நாடாவைத் தட்டி எழுதுவதால், கார்பன் வைத்தால் ஒரே தட்டில் இரண்டு பிரதிகள் கிடைக்கும். ஒன்று அங்கத்தினருக்கு; மற்றொன்று சங்கத்திற்கு.

புதிய கம்ப்யூட்டர்களில் அந்த இணைப்பு பெரும்பாலும் கிடையாது. புதிய பிரின்டர்கள் பலவற்றுக்கு வெறும் எழுத்தை அனுப்பினால் விளங்குவதும் இல்லை. பக்கம் முழுவதையும் விண்டோஸ் படமாக வரைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. 64 பிட் விண்டோஸிலோ டாஸ் காலத்துப் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 அவ்வகையைச் சேர்ந்தது.

இதனால் விளையும் கஷ்டத்தை ஒரு நெசவாளர் சங்கத்தில் நேரில் கண்டேன். அங்கே பழைய புரோகிராம் திரையில் ஓடியது. பிரின்டருக்கோ ஓர் எழுத்தும் போகவில்லை. குமாஸ்தா திரையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்து வந்தார். வயது முதிர்ந்த நெசவாளர் அம்மையார் ஒருவர், கூலியில் பிடித்த தம் சேமிப்பு குறைந்திருப்பதாக முறையிட்டார். சீட்டில் 4,680 ரூபாய் என்றிருந்தது. அவர் தம் பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய அச்சுத் தாளை எடுத்து வந்தார். அதில் 4,860 என்று இருந்தது. குமாஸ்தா நேர்மையானவர்தாம், இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. அந்தத் தாள் மட்டும் இல்லாதிருந்தால் அம்மையாருக்கு 180 ரூபாய் நஷ்டம். குமாஸ்தாவுக்குத் தீராத பழி.

பரிகாரம் கடினமன்று. ஃபாக்ஸ்புரோவில் 'செட் பிரின்டர் டு' என்பதோடு ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால், பிரின்டருக்குப் போக வேண்டியவை யாவும் அக்கோப்பில் எழுதப்படும். வேலை முடிந்ததும் அதே கட்டளையைப் பெயரின்றி மறுபடி கொடுத்துக் கோப்பை மூட வேண்டும். பின்னர் அதைத் திறந்து, எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் அச்சிட வேண்டும். இல்லையேல் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நில்லாமல் சாய்ந்துவிடும். புரோகிராமைத் திருத்த இயலாத இடத்தில், 32 பிட் விண்டோஸாயின், 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1ஐப் பகிரப்பட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரோடு பிணைக்கலாம். 64 பிட் கம்ப்யூட்டராயின், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்னும் இலவசப் புரோகிராமுக்குள் பழையதை ஓட்டி, அச்சுக்குப் போவதைக் கோப்பாகப் பிடித்துக் கொள்ளலாம்.

கோப்பாக எடுத்ததோடு நின்றுவிடலாகாது. அக்கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து ஓர் எண்ணை மாற்றிவிடலாம். மாற்றிய தடயமும் அதில் தெரியாது. ஆகவே தாளில் அச்சிட்டு, குமாஸ்தாவும் காரியதரிசியும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை அங்கத்தினரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும்.

“பாக்கித் தொகையைப் புதிய புரோகிராமில் ஏற்றிவிட்டோமே, பழையது எதற்கு?” என்று நிர்வாகஸ்தர்கள் சிலர் கேட்கிறார்கள். பாக்கி ஏறியது உண்மை. அந்தப் பாக்கி எந்தெந்த வரவாலும் பற்றாலும் வந்தது என்ற விவரம் பழைய இயந்திரத்தில் அல்லவா இருக்கிறது? நாளை வழக்கு வந்தால் எதைக் காட்டுவது? கைபேசியில் செய்தி வருகிறதே என்பாரும் உளர். கைபேசி மாறும், எண் மாறும், செய்தி அழியும். செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 400 அங்கத்தினர் உள்ள சங்கத்தில், ஆளுக்கு ஒரு தாளில் அடங்குமாயின், 500 தாள் கொண்ட ஒரே கட்டு போதும். சங்கத்துப் பிரதிக்கு மற்றொரு கட்டு.

எனவே நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. பழைய கம்ப்யூட்டரைக் கழிவுச் சாமான் பட்டியலில் சேர்க்கும் தீர்மானத்திற்கு முன், ஒவ்வோர் அங்கத்தினரின் பேரேடும் அச்சிடப்பட்டு வழங்கப்பட்டதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அங்கத்தினர்களும் வாளாவிருத்தல் ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, “என் பழைய கணக்கின் தாள் எங்கே?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுப்பது சங்கத்தின் கடமை.