மாவட்டத்துக்கு ஒரு சூழலியலாளர்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஒரு சதுரச் சட்டம். பிவிசி குழாயை அறுத்து, மூலைக்கு ஒரு எல்போ மாட்டிச் செய்தது. சீகை மரங்களை வெட்டி அகற்றிய மலைச்சரிவில் அதைக் கிடத்தி, உள்ளே முளைத்திருப்பதையெல்லாம் முதுநிலை மாணவர் ஒருவர் குந்தியிருந்து எண்ணுகிறார். புல் எவ்வளவு, சீகைக் கன்று எத்தனை, சோலை மரத்தின் கன்று ஏதாவது தலைகாட்டியிருக்கிறதா. எழுதிக்கொண்டு நகர்ந்து மறுபடி சட்டத்தைக் கிடத்த வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. புலியைப் பார்க்கலாம் என்ற ஆசையில் காட்டுயிர்ப் படிப்பில் சேர்கிறவர்கள், படிப்பின் பெரும்பகுதி இதுதான் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன லாபம்? பழனி மலையைக் கேட்க வேண்டும். வாட்டில் எனப்படும் சீகை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்பதற்காக, விடுதலைக்குப் பிறகும் இதை ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். நட்ட இடம் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளி. மரமில்லாத நிலம் வெறும் நிலம் என்பதுதான் அன்றைய கணக்கு. மழைநீரை உறிஞ்சி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதை, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சரி, வெட்டிவிட்டால் போயிற்று என்கிறோம். அங்கேதான் சிக்கல். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் பாய் விரித்ததுபோல முளைக்கும். தீ வைத்தால் இன்னும் வேகமாக முளைக்கும். இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. அங்கே ஒரேயடியாக வெட்டினால் திரும்பி வந்துகொண்டிருக்கும் சோலையையும் சேர்த்து வெட்டியதாகும். எந்தச் சரிவில் வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது, வெட்டிய இடத்துக்கு எத்தனை ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் நாற்றுப் பிடுங்குவது? டெண்டர் படிவத்தில் இதற்கெல்லாம் விடை இருக்காது. சட்டத்தைக் கிடத்தி எண்ணியவரிடம்தான் இருக்கும். அயல் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. பாராட்டத் தக்கது. ஆனால் கொள்கையை நிலத்தில் நடத்திக்காட்டப் படித்த ஆட்களுக்கு அரசில் எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் இருக்கின்றன?

படிப்பு இல்லாமல் இல்லை. மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலிலும், உதகை அரசுக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுநிலைப் பாடமாக இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் இருக்கிறது. டேராடூனில் 1988 முதலும், பெங்களூரில் 2004 முதலும் நாடறிந்த படிப்புகள் நடக்கின்றன. அங்கே இடங்கள் சொற்பம். முடித்து வெளியே வருகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு திட்டத்தில் ஒப்பந்த உதவியாளர் வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளை இதை எத்தனை ஆண்டு தாங்கும்? வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறது. அதற்காக அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

வேலையோ மலைபோல் கிடக்கிறது, அதுவும் சட்டப்படி. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லைக்குள் உள்ள செடி கொடி, மீன், பறவை, நாட்டு விதை, அவை பற்றி ஊரார் அறிந்தது எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் நாடெங்கும் பணி நகராததால், 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியதாயிற்று. அபராதத்துக்குப் பயந்து அவசரமாக நிரப்பும் பதிவேடு எப்படியிருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. தமிழகத்தில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலும் இதே குறைதான். மழைக்காலம் அல்லாத ஒரே பருவத்தின் தரவு இருந்தால் பெரும்பாலான திட்டங்களுக்குப் போதும் என்பது நடைமுறை. மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடியும் கணக்கெடுப்பில், அக்டோபரில் வந்து மார்ச்சில் திரும்பிவிடும் வலசைப் பறவை எப்படிச் சிக்கும்? அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒருவராவது வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: 38 மாவட்டங்களிலும் ஆட்சியரின் கீழ் தலா ஒரு சூழலியலாளர் பணியிடம், ஒப்பந்தமாக அல்ல, நிரந்தரமாக. பல்லுயிர்ப் பதிவேடு அவர் பொறுப்பு. ஏரி தூர்வாருவதானாலும் மரம் நடுவதானாலும் அவர் கையெழுத்து இல்லாமல் பணம் விடுவிக்கக் கூடாது. 38 சம்பளம் அரசுக்குப் பெரிய சுமையல்ல. தவறான இடத்தில் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு அதையே வெட்டும் செலவைவிட நிச்சயம் குறைவு. வனத்துறையில் பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்கள் பொறுப்பு காட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. ஏரியும் சதுப்பும் மேய்ச்சல் நிலமும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே கிடக்கின்றன.

பட்டம் இல்லாமலே இதில் கரைகண்டவர்கள் நம்மிடையே உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும், மலைப்பாம்புத் தொல்லையைச் சமாளிக்க 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பல்கலைக்கழகங்களில் தடம் பார்க்கவும் புதர் படிக்கவும் சொல்லிக்கொடுக்க இவர்களைப் போன்றவர்களை ஆசிரியர்களாக, ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு அமர்த்துவதை எந்த விதி தடுக்கிறது? மாணவரின் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆய்வு நடந்த ஊருக்குத் தமிழில் பத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஊராரிடம் கேட்டு எழுதியதை ஊராருக்கே காட்டாதது என்ன நியாயம்?

இன்னொன்று, பைசா செலவில்லாதது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். அனுமதி தேவைதான், அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முதுநிலை மாணவரின் விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரவேண்டும். அவருடைய கடைசிப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கடிதம் ஏப்ரலில் வந்தால், ஏரியில் எண்ணுவதற்குப் பறவை இருக்காது.