பூச்சியுண்ணும் செடி வேண்டுமா? விதையிலிருந்து தொடங்குங்கள்

2015 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நான்கு பேர் கைதானார்கள். ஹாலி ஷெல்டர் என்ற அரசு நிலத்திலிருந்து 970 வீனஸ் ஈப்பொறிச் செடிகளைப் பிடுங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. வட, தென் கரோலினாக்களின் கடலோரச் சமவெளியும் அதை ஒட்டிய பகுதியும்தான் உலகிலேயே இந்தச் செடியின் தாயகம். அதைத் திருடுவதைக் கடுங்குற்றமாக்கிய சட்டம் வட கரோலினாவில் அதற்கு முந்தைய மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நம் நாட்டிலும் நிலைமை ஆறுதலாக இல்லை. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானாவின் வாழிடம் மேகாலய மலைகள். ஒருபுறம் சுரங்கமும் காடழிப்பும், மறுபுறம் அழகுக்கும் மருந்துக்கும் என்று பிடுங்கிச் செல்லும் கைகளும் அதை அருகச் செய்துவிட்டன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் அது இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வளர்க்கவோ விற்கவோ கூடாது. இந்தப் பின்னணியில்தான் இன்று நகரங்களின் மாடித் தோட்டங்களில் பூச்சியுண்ணும் செடிகள் மீது ஆர்வம் கூடிவருவதைப் பார்க்க வேண்டும். ஆர்வம் நல்லதே. ஆனால் வளர்ந்த செடியை வாங்குவதைவிட விதையை வாங்கி முளைக்க வைப்பதே முறையான வழி என்று நான் கருதுகிறேன்.

வளர்ந்த செடி எங்கே பிறந்தது என்பது அதைப் பார்த்தால் தெரியாது. காட்டில் பிடுங்கியதும் பண்ணையில் வளர்த்ததும் தொட்டிக்கு வந்தபின் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூச்சியுண்ணும் செடிகளை இன்று ஆய்வகங்களில் திசு வளர்ப்பு முறையில் பெருக்குகிறார்களே, பிறகு விதை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டுச் செடிகள் மீதான நெருக்கடியைத் தணித்ததில் திசு வளர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அப்படிப் பெருக்கிய செடிகளில் ஒரே தாயிலிருந்து எடுத்தவை எல்லாம் ஒரே வார்ப்பு. ஈரம் ததும்பும் கண்ணாடிக் குடுவையிலும் பசுமைக் குடிலிலும் வளர்ந்த செடி, சென்னையின் அல்லது மதுரையின் வறண்ட காற்றுக்கு வந்ததும் துவண்டுபோவது வழக்கம். செத்ததும் இன்னொன்று வாங்குகிறோம். விதையில் பிறந்த நாற்று அப்படியல்ல. முதல் இலையிலிருந்தே அது நம் வெயிலையும் காற்றையும் பார்த்து வளர்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டது. நம் சூட்டைத் தாங்கியது நின்று பூக்கும், அதன் விதை நம்மிடமே தங்கும்.

விதை முளைப்பதில் பெரிய ரகசியம் இல்லை. பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் தண்ணீரும் மண்ணும்தான். இந்தச் செடிகள் சத்தில்லாத சதுப்பு நிலங்களில் பரிணமித்தவை. தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்வதால், வேர்களால் உப்பைத் தாங்க முடிவதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் அளவு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கும் அளவோ 500 மில்லிகிராம். நாம் குடிக்க உகந்த நீரே இந்தச் செடிக்கு நஞ்சு என்றால், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண்ணும் தொழு உரமும் கூடவே கூடாது. 2003-இல் கட்டடங்கள் தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம் தமிழ்நாடு. மொட்டை மாடியில் பிடித்த மழைநீரைவிட இந்த விதைகளுக்கு உகந்தது வேறில்லை. விதையைப் புதைக்காமல் மேற்பரப்பில் தூவ வேண்டும், வெளிச்சம் பட வேண்டும். தட்டில் நீர் நிறுத்தி அடியிலிருந்து ஈரம் ஏற விட வேண்டும். மேலே ஊற்றினால் தூசுபோன்ற விதை ஓடிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம். வட அமெரிக்கக் குடுவைச் செடியான சரசீனியாவின் விதைக்கு ஈரத்தோடு நான்கு முதல் ஆறு வாரக் குளிர் தேவை, ஃபிரிட்ஜில் வைத்து அதைக் கொடுக்கலாம். நெப்பந்தஸ் விதை சீக்கிரம் உயிர்ப்பை இழக்கும், புதிதாக இருந்தால்தான் முளைக்கும்.

காலம்தான் அடுத்த தடை. வீனஸ் ஈப்பொறி விதையிலிருந்து முழு வளர்ச்சி பெற மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் அதற்குக் குளிர்கால ஓய்வும் வேண்டும். சமவெளித் தமிழ்நாட்டில் அந்த ஓய்வைத் தருவது கடினம், அதனால் அதை முதல் செடியாக யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்கவர் படத்தோடு நீலநிற ஈப்பொறி விதை என்று இணையத்தில் விற்பதெல்லாம் ஏமாற்று. அந்தச் செடியின் விதை கறுத்துப் பளபளக்கும் சிறு மணி, நீல ஈப்பொறி என்ற ஒன்றே கிடையாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் விதை வரவழைப்பதும் தாவர நோய்த்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டது. சான்றில்லாமல் வாங்கக் கூடாது.

இன்னும் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்த விதைகளைத் தூவ மண்ணுக்குப் பதிலாக வழக்கமாகப் பயன்படும் பீட் மாஸ் என்ற மட்கிய பாசி, குளிர்நாட்டுச் சதுப்புகளைத் தோண்டி எடுப்பது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள் உலகக் காடுகள் அனைத்தையும்விட அதிகக் கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஒரு செடியைக் காக்க அதே வகைச் செடிகளின் வீட்டைத் தோண்டலாமா? இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஒரு விதைத் தட்டுக்குக் கைப்பிடி அளவே போதும் என்பது பாதிப் பதில்தான். உப்பு போகும்வரை மழைநீரில் பலமுறை அலசிய தென்னை நார்க்கழிவு நெப்பந்தஸ் போன்றவற்றுக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் கிடைக்கும் அந்த நார்க்கழிவை மற்ற இனங்களுக்கும் பழக்கிப் பார்ப்பது நம் வளர்ப்போரின் கடமை. அதேபோல, மிஞ்சிய நாற்றுகளை ஊட்டி, கொடைக்கானல் சதுப்புகளில் நட்டுவிடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. அயர்லாந்துச் சதுப்புகளில் 1906-இல் நட்ட சரசீனியா பர்ப்பூரியா இன்று அங்கே ஊடுருவும் களையாகக் கருதப்படுகிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் புல்வெளியை விழுங்கியதைக் கண்ட நீலகிரிக்கு இன்னொரு பாடம் தேவையில்லை.

எதை விதைப்பது என்று கேட்டால், டிரோசீரா பர்மானி என்பேன். நம் நாட்டிலும் இயற்கையாக வளரும் பனித்துளிச் செடி அது; சூடு அதற்குப் புதிதல்ல. ஓரத்து உணர்கொம்புகள் சில நொடிகளில் வளைந்து பூச்சியைப் பிடிக்கும் வேகம் அதற்குண்டு. ஓராண்டுச் செடி, தானாகவே மகரந்தம் சேர்ந்து விதைக்கும். காட்டிலிருந்து பறிக்காமல், ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்து விதை பெற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தூவினால் சில வாரங்களில் முளைத்து, கோடைக்கு முன் பூத்து விதை கொடுத்துவிடும். பள்ளிகளின் அறிவியல் ஆய்வகத்துக்கு இதைவிட மலிவான உயிர்ப்பாடம் கிடைக்காது. ஒரு தட்டு, மழைநீர், காலை வெயில் படும் சன்னல் ஆகியவற்றோடு மாவட்டத்துக்கு ஒரு பள்ளியாவது இந்த அக்டோபரில் இதைத் தொடங்க வேண்டும். கிடைக்கும் விதையை அடுத்த பள்ளிக்குக் கொடுக்கும் ஏற்பாட்டையும் கல்வித்துறை கையோடு செய்துவைக்கலாம்.