இருபது வயசு இதயம்

போன செமஸ்டர் நம்ம காலேஜ்ல நடந்த ரத்த தான முகாமுக்கு நானும் போனேன். சர்டிபிகேட்டுக்காக இல்லைன்னு சொன்னா பொய். ஃபார்ம் நிரப்பி, எடை பார்த்து, கையில பட்டை சுத்தி பிரஷர் பார்த்தாங்க. 144/94. பத்து நிமிஷம் உட்கார வச்சு மறுபடி பார்த்தாங்க. 142/92. "இன்னைக்கு உங்ககிட்ட எடுக்க முடியாது தம்பி. வீட்ல யாருக்காவது பி.பி. இருக்கா?" என்று அந்த நர்ஸ் அக்கா கேட்டாங்க. அப்பாவுக்கு இருக்கு. ஆனா அவருக்கு வயசு 51, எனக்கு 20. பின்னாடி வரிசையில நின்ன பசங்க "என்ன மச்சி, லவ் ஃபெயிலியரா?" என்று ஓட்டினாங்க. நானும் சிரிச்சு வச்சேன். கடைசியில பிஸ்கட், ஜூஸ் கூட கிடைக்கல.

இதயநோய் என்றால் அப்பா, பெரியப்பா வயசுக்காரங்க சமாச்சாரம் என்றுதான் நாம எல்லாரும் நினைக்கிறோம். நீங்களும் அப்படித்தானே? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ராணுவ மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, முடிவை 1953-ல் வெளியிட்டார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. நம்ம ஃபைனல் இயர் சீனியர்ஸ் வயசு. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் படிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. நெஞ்சு வலிச்சு செத்தவங்க இல்லை அவங்க. துப்பாக்கி தூக்கி ஓடிக்கிட்டிருந்த பசங்க.

மெக்கானிக்கல்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். ஃபெட்டீக் கிராக் உடையுற அன்னைக்கா ஆரம்பிக்குது? சிவில்காரங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் திறந்து ஹேகன்-பாய்ஸுலி சமன்பாட்டைப் பாருங்க. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. மத்ததெல்லாம் மாறாம ஆரம் மட்டும் பாதியானா, ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. (அந்த பாய்ஸுலி ஒரு டாக்டர். ரத்த ஓட்டத்தைப் புரிஞ்சுக்கத்தான் அந்தச் சோதனைகளையே செய்தார். எந்த சாரும் நமக்கு இதைச் சொல்லல.) ரத்தக்குழாய் இரும்பு பைப் இல்லை, கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனா போக்கு புரியுதில்ல?

முகாம் முடிஞ்சு ரூமுக்கு வந்து, முந்தின நாள் என்ன சாப்பிட்டோம்னு யோசிச்சேன். காலையில ஒன்னுமில்ல; எட்டரை மணி கிளாஸுக்கு எட்டு இருபதுக்கு எழுந்தவன் எங்க சாப்பிடறது? மதியம் மெஸ்ல ரெண்டு அப்பளம், ஊறுகாய். சாம்பார் சரியில்லைன்னா ஊறுகாய்தான் நமக்குக் குழம்பு. சாயங்காலம் பஜ்ஜி. ராத்திரி கேட்டுக்கு வெளியே பரோட்டா, சால்னா. ஒரு மணிக்கு கெட்டில்ல நூடுல்ஸ். அந்த நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சோடியம் 900 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அதாவது ரெண்டே கால் கிராம். ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல பாதிக்குக் கிட்ட நான் நடுராத்திரி ஒரே கப்பில் முடிச்சிருக்கேன்.

"ஜிம்முக்குப் போடா" என்று உடனே சொல்வாங்க. ஜிம் நல்லதுதான், ஆனா அது கட்டாயமில்ல. லண்டன் மாடி பஸ்களை வச்சு ஜெரமி மோரிஸ் செய்த ஆய்வும் அதே 1953-ல் வந்ததுதான். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களை விட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. நம்ம ஹாஸ்டல்ல நாலு மாடி இருக்கு, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. திட்டிக்கிட்டே ஏறுங்க, பரவாயில்ல.

சிகரெட் பத்தி நீளமா எழுதப் போறதில்ல. டீக்கடையில நிக்கிறவங்களுக்கு ஒரு தகவல் மட்டும்: விட்டு ஒரு வருஷத்துல, புகையால கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிடும். இருபதுல விடுறது நாற்பதுல விடுறதை விட சுலபம்.

என் வாதமே இங்கதான் இருக்கு. எல்லாத்தையும் "தனிமனித ஒழுக்கம்" என்று நம்ம தலையில கட்டிட்டுப் போறதை நான் ஏத்துக்கல. நாலு மணிக்குப் பசியோட வர்றவனுக்கு கேன்டீன்ல பஜ்ஜி, பப்ஸ் ரெண்டும்தான் இருந்தா, அவன் பஜ்ஜிதான் சாப்பிடுவான். சுண்டல் இருந்தா? கொண்டைக்கடலை ஒன்னும் பாதாம் விலை இல்லை. பொரிச்ச எண்ணெயையே திரும்பத் திரும்ப ஊத்துறாங்களான்னு சந்தேகமா? எண்ணெய்ல மொத்த போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு நம்ம நாட்டில் விதியே இருக்கு. கெமிக்கல் டிபார்ட்மென்ட் வச்சிருக்கிற காலேஜ்ல அதை அளந்து பார்க்கறது ஒரு மினி ப்ராஜெக்ட். மெஸ் கமிட்டியில உட்கார்ந்திருக்கிறதும் வேற யாரோ இல்ல, நாமதான். ஆனா அங்க போனா வாராவாரம் சிக்கன் துண்டு சைஸ் பத்தி மட்டும்தான் சண்டை போடுறோம். (நானும் போட்டிருக்கேன்.)

ஒரு நாள் பார்த்த பிரஷரை வச்சு நோய்னு முடிவு பண்ண முடியாதுன்னு ஹெல்த் சென்டர் டாக்டர் சொன்னார். வேற வேற நாள்ல பார்க்கணுமாம். பார்த்துக்கிட்டிருக்கேன். ஊறுகாயையும் ராத்திரி நூடுல்ஸையும் விட்டு, காலையில ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போறேன். போன வாரம் 132/86. டாக்டர் இன்னும் முழுசா திருப்தி ஆகல, அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்கார். அங்க பிரஷர் பார்க்க காசு கிடையாது, ரெண்டு நிமிஷம்தான், கூட்டமும் இருக்காது. லேப் ரெக்கார்டு கையெழுத்து வாங்கப் போற வழியில எட்டிப் பாருங்க.

இந்த மாசக் கடைசியில மெஸ் கமிட்டி கூடுது. வாரத்துல ரெண்டு நாள் சுண்டல், ஊறுகாய் பாட்டில் மேசையில இல்லாம கவுன்டர்ல, எண்ணெய் டெஸ்ட். இந்த மூணையும் எழுதிக் கொடுக்கப் போறேன். கையெழுத்துப் போட வர்றவங்க பி பிளாக், மூணாவது மாடிக்கு வாங்க. படியிலேயே.