எண்ணிக்கை மதிப்பாகுமா?

இணையத்தளமொன்றின் பெறுமதியை அதற்கு வருவோரின் தொகையே தீர்மானிக்கின்றது என்னும் கருத்து இன்று கேள்வியின்றி ஏற்கப்பட்டு வருகின்றது. வணிகர் மட்டுமன்றி, அறிவுப்பணிக்கு நிதி வழங்குவோரும் கற்றோரிற் பலரும் ‘எத்தனை பேர் பார்த்தனர்?’ என்பதையே முதல் வினாவாக எழுப்புகின்றனர். விளம்பரதாரனுக்குக் கண்களின் தொகை வேண்டும். அது அவனது தொழில். அவனது அளவுகோலை அறிவுலகம் இரவல் பெற்றதே அவலம்.

அளவுகோல்களின் இயல்பை ஊவாத் தோட்டங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பூனாகலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒருநாள் உழைப்பு, தராசில் கிலோக் கணக்காகச் சுருங்குகின்றது. குறித்த நிறை இல்லையேல் ‘அரைப்பேர்’. ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கழிக்கப்படுவது வேறு. ஏறிய மலையும் நனைந்த மழையும் அட்டைக்கடியும் அத்தராசில் ஏறுவதில்லை. தராசு யாருடையது, எதனை நிறுக்கின்றது, எதனை விட்டுவிடுகின்றது என்பனவே அடிப்படை வினாக்களாகும்.

இணைய அளவீட்டிடமும் இவ்வினாக்களைத் தொடுத்தல் வேண்டும். 1996இல் தோன்றி, 1999இல் அமேசனின் உடைமையான அலெக்சா நிறுவனம், தளங்களை வரிசைப்படுத்தி உலகப் புகழ் பெற்றது. அவ்வரிசை பெரும்பாலும் அதன் கருவிப்பட்டையைத் தம் கணினியில் நிறுவியோரின் நடமாட்டத்தைக் கொண்டே கணிக்கப்பட்டது. கணினியே இல்லாத லயத்து வாசகன் அக்கணக்கில் எங்ஙனம் இடம்பெறுவான்? தளத்திலேயே பொருத்தப்படும் கருவிகளும் எண்ணுவது கருவியையேயன்றி மனிதரையன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலைநாட்டு மாணவர் அலைவரிசை தேடிக் குன்றேறினர். ஒரே கைபேசியைச் சுற்றி நால்வர் அமர்ந்து படித்தால் அக்கணக்கில் அவர்கள் ஒருவரே. ஒருமுறை பதிவிறக்கிய பாடம் கைமாறிப் பத்துப் பேரை அடைந்தால், அவர்கள் கணக்கிலேயே இல்லை. மறுபுறம், மனிதரல்லாத தானியங்கி நிரல்களோ வாசகர்களாகவும் எண்ணப்பட்டுவிடுகின்றன.

எண்ணிக்கை முற்றிலும் பிழையின்றி அமைந்தாலும் அது மதிப்பாகிவிடுமா? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண்சரிவு விழுங்கியது. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் லயன் குடியிருப்புகள் அழிந்தன. இப்பிரதேசத்தின் அழகுக் காட்சிகளைக் காட்டும் பக்கமொன்றும் மண்சரிவு அபாயத்தை அறிவிக்கும் பக்கமொன்றும் இருப்பின், வருகைப் போட்டியில் வெல்வது எது என்பது வெளிப்படை. ஆயினும் ஆண்டு முழுவதும் எவரும் நாடாத எச்சரிக்கைப் பக்கம், ஓரிரவு ஒரு குடும்பத்தைக் காக்குமெனின் அதன் பெறுமதியை எவ்வரிசை காட்டும்?

எண்ணுவதே வீண் என்பது இதன் பொருளன்று. பழுதுற்ற பக்கத்தை அறியவும், எவ்வளவு சுமையைத் தளம் தாங்கவேண்டும் என்பதைக் கணிக்கவும் எண்ணிக்கை உதவும். கணக்கப்பிள்ளையாக அது இருக்கலாம், நீதிபதியாகுதல் தகாது. வருகை குறைந்ததெனக் கூறி மலையகத்தின் பழைய சஞ்சிகையொன்றை எண்ணிமப்படுத்த மறுத்தால், நாளைய ஆய்வாளனின் மூலாதாரம் இன்றே அழிக்கப்படுகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் தளம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் பேணிவருவது, அவற்றுக்குக் கூட்டம் திரளும் என்பதற்காகவன்று. அவை ஒரு சமூகத்தின் நினைவு என்பதற்காகவே.

அலெக்சாவை நிறுவியோருள் ஒருவரான புரூஸ்டர் கேல், அதே 1996இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் ஆவணகத்தையும் தொடங்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒன்று தளங்களைப் புகழால் வரிசைப்படுத்தியது. மற்றது புகழற்றவற்றையும் சேர்த்துப் பாதுகாத்தது. தரவரிசை 2022 மே 1இல் மூடப்பட்டது. ஆவணகம் நிலைத்திருக்கின்றது. பல்கலைக்கழகங்கள் எதன் வழி நிற்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.