எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

காலை நடைக்கு வரும் நண்பர் கேட்டார்: "சார், பேரன் லீவுக்கு வர்றான். டெலஸ்கோப் வாங்கலாம்னு ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். எது நல்லது?"

இரண்டுமே குழியாடி வைத்த ரிஃப்ளெக்டர்தான். ஒன்றில் ஆடியின் அகலம் 114 மில்லிமீட்டர். முக்காலி, எடைக்கல், திருகுகள் என்று பார்க்கவே ஆராய்ச்சிக்கூடக் கருவி போல இருக்கும். மற்றது 130 மில்லிமீட்டர். மேஜை மேல் வைக்கிற குட்டை மரப்பீடம், விளையாட்டுச் சாமான் மாதிரி. டாப்சோனியன் என்பார்கள்.

மரப்பீடத்தையே வாங்கச் சொன்னேன்.

முக்காலி வகையின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரே திருகைத் திருப்பி, நகரும் கிரகத்தைத் தொடர முடியும். நம் மதுரையில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 10 பாகைதான். கையை நீட்டி மடக்கினால் ஒரு முஷ்டி உயரம். என் வீட்டு மாடியில் அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது! அச்சை அவ்வளவு தாழ்த்தினால் சில முக்காலிகளில் எடைக்கல் காலில் இடிக்கும். குழாயைத் திருப்பத் திருப்ப, கண் வைக்கும் இடமும் எங்கெங்கோ போகும். நம் கழுத்துக்கு இது ஆகாது. தாத்தா அரைமணி நேரம் திருகிக்கொண்டிருந்தால் பையன் செல்போனுக்குப் போய்விடுவான். மறுநாள் கூப்பிட்டாலும் மாடிக்கு வரமாட்டான்.

மரப்பீடத்துக்கு இந்த வம்பே இல்லை. மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளினால் போதும். இதைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். கழித்துப்போட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். 1967-ல் மடத்திலிருந்து வெளியே வந்தபின், தெருவோரம் டெலஸ்கோப்பை வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலவைக் காட்டினார். ஊராருக்காகப் பிறந்த கருவி ஐயா அது!

130-இல் வெளிச்சமும் 114-ஐவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். 8 அங்குலம் இன்னும் நன்றாகக் காட்டும்தான். ஆனால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், மாடிப்படியில் யார் தூக்குவது? படம் எடுக்கிற ஆசை இருந்தால் மட்டும் முக்காலி வகையை யோசிக்கலாம்.

அட்டைப்பெட்டியில் '500 மடங்கு' என்று போட்டிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் உச்சவரம்பு, 130-க்கு 260. சனியின் வளையத்தைப் பார்க்க 50 மடங்கே தாராளம்.

"பொம்மை மாதிரி இருக்கே, இதுக்கு இவ்வளவு விலையான்னு வீட்ல கேப்பாங்களே சார்" என்றார். முதல் நாள் அம்மாவுக்கே நிலவைக் காட்டுங்கள் என்றேன். கூடவே, கனமான மர ஸ்டூல் ஒன்றும் தேடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம், ஆடும்.